மற்றும் ஊர்ப் பொதுமக்கள்

சாவியா? எங்கிட்டதாம்மா இருக்கு. யாரு சொன்னா, டீக்கடைக்காரனா? என்ன சொல்லி அனுப்புனான், அதச் சொல்லுங்க மொதல்ல. “எதுத்தாப்புல பாத்திரக்கடையில ஒரு ஆளு சாவிய வச்சுக்கிட்டு யாருக்கும் தரமாட்டேங்கிறாரு”ன்னு சொல்லியிருப்பானே? உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது. இந்த பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்குன்னு ஒரு கக்கூஸ் எந்திரிச்சு நிக்குதுன்னா அது யாராலன்னு சொன்னானா? சொல்லமாட்டான். அதச் சொல்ல மட்டும் இந்த ஊருல ஒருத்தனுக்கும் வாய் வராது.

உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. பெரியம்மாவ இந்த ஸ்டூல்ல உக்கார வைங்க. உங்க அம்மாவா? மதுரைக்கா, கண்ணாஸ்பத்திரிக்கா? சரி சரி. பஸ்ஸு வந்தா இங்கேர்ந்தே தெரியும், பதறாதீங்க. அண்டாவத் தள்ளி வச்சுக்கங்க, கால நீட்டலாம்.

தர்றேம்மா. தரமாட்டேன்னா சொன்னேன்? அவசரம்னு சொல்றீங்க. எனக்குப் புரியாதா? அந்த அவசரத்துக்காகத்தானே என் ஆயுசுல பாதியக் கரைச்சேன். ஆனா கேட்ட ஒடனே நீட்டுனா வாங்கிட்டுப் போயிட்டே இருப்பீங்க. அப்புறம் மதுரையில போயி, ஆவரங்குடியில ஒரு கிறுக்கன் கக்கூஸப் பூட்டி வச்சிருக்கான்னு சொல்லுவீங்க. அது எனக்குத் தேவையா? நியாயத்தக் கேட்டுட்டு வாங்கிக்கங்க. ரெண்டே வார்த்ததான்.

என் பேரு கதிரேசன். ஆவரங்குடி பேருந்துப் பயணிகள் நலச் சங்கத் தலைவர். சங்கத்த ஆரம்பிச்சவனும் நாந்தான், இன்னிக்கு வரைக்கும் தலைவரும் நாந்தான். வேற ஆளு வரட்டும்னு நானும் சொல்லிப் பாத்தேன், எவனும் வரல. வரவும் விடமாட்டேன்னு சிலபேரு சொல்லுவாய்ங்க. அதெல்லாம் வயித்தெரிச்சல்.

முன்னால எப்படி இருந்துச்சு தெரியுமா இங்க? பழைய கக்கூஸு இடிஞ்சு போச்சு. ஆம்பளைக்கென்ன, செவுரு கண்ட எடத்துல நிப்பான். பொம்பளைங்க என்ன செய்வாங்க? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சீமைக்கருவேலங் காடு இருந்துச்சு, ஒருத்திக்கு ஒருத்தி காவலா நின்னு அதுக்குள்ள போயிட்டு வருவாங்க. அப்புறம் கருவேலத்த அழிக்கணும்னு பொக்லைன் வந்துச்சு. ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டான். நல்ல காரியந்தான், நிலத்தடித் தண்ணி ஏறும்னு சொன்னாய்ங்க. ஆனா பொம்பளைங்க எங்க போவாங்கன்னு எவனாவது யோசிச்சானா? நான் யோசிச்சேன். இந்தக் கல்லாவுல உக்காந்து, இதே நாற்காலியில உக்காந்து யோசிச்சேன்.

இருளாயின்னு ஒரு பொம்பள, அந்தா அந்த வேப்பமரத்தடியில பூக்கட்டி விக்கிறவ. காலையில இருட்டோட வந்து கூடைய எறக்குனா கடைசி பஸ்ஸு போற வரைக்கும் அங்கதான். அவ என்ன செஞ்சா, தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டா. அவ மட்டுமில்ல, பூக்காரி, பழக்காரி, கம்பெனிக்குப் போற பிள்ளைங்க அம்புட்டுப் பேரும். சித்திரை வெயில்ல நாக்கு ஒட்டிக்கும். ஆனா ஒரு மடக்கு குடிக்கமாட்டா. குடிச்சா போகணும்ல.

பெரியம்மா, தண்ணி குடிக்கிறீங்களா? செம்புல இருக்கு, பானைத் தண்ணி. வேணாமா? சரி.

அப்புறந்தான் போராட்டம். ஒரு நா இருளாயி என்ன செஞ்சான்னா, பூக்கூடையத் தூக்கி நடுரோட்டுல வச்சுட்டு மதுரை பஸ்ஸுக்கு முன்னால படுத்துட்டா. அவளப் பாத்து மத்தவளுகளும் வந்து உக்காந்தாங்க. டிரைவரு ஆரன் அடிக்கிறான், போலீஸு வருது, இவ எந்திரிக்கல. நான் கடையில வியாபாரத்துல இருந்தேன். சத்தங் கேட்டு ஓடி, சவுண்டு சர்வீஸ்ல மைக்கு எடுத்துட்டு வந்து பேசுனேன் பாருங்க ஒரு பேச்சு! தாசில்தாரே வந்துட்டாரு. எறங்கி வந்து, “கட்டித் தர்றோம்யா, ரோட்ட விடச் சொல்லுங்க”ன்னு என்னையப் பாத்துச் சொன்னாரு. என்னையப் பாத்து! இப்ப என்ன பேசிக்கிறாய்ங்க, இருளாயி போராட்டமாம். ஏம்மா, பஸ்ஸுக்கு முன்னால படுக்குறது யாரு வேணாலும் படுக்கலாம். மைக்குல பேசுறதுக்கு ஆளு வேணாமா?

குக்கர் கேஸ்கட்டா? அப்புறம் வாய்யா, ஆளு பேசிக்கிட்டு இருக்கேன்ல. 

எங்க விட்டேன்? தாசில்தாரு. அதுக்கப்புறம் எத்தன தடவ பேரூராட்சி ஆபீசுக்கு அலைஞ்சிருக்கேன், எத்தன பேரு காலப் பிடிச்சிருக்கேன். கடைசியில கட்டுனான். நல்லாத்தான் கட்டுனான், குறை சொல்லமாட்டேன். கதவுக்கு ரோஸ் கலரு, உள்ள செவுத்துல ஆளு ஒசரத்துக்கு டைல்ஸு, மாடியில தண்ணித் தொட்டி. வேல முடிஞ்சதும் காண்ட்ராக்டரு நேரா இங்க வந்தான். “தலைவரே, எதுத்த கடை உங்களது, சாவி உங்ககிட்ட இருக்கட்டும், தெறப்பு விழா வரைக்கும் பத்திரமா வச்சுக்கங்க”ன்னு கையில குடுத்தான். பாத்துக்கங்க, சாவிய நான் பிடுங்கல. தேடி வந்து குடுத்தது.

விழாவுக்கு மொத நா சாயங்காலம் கல்வெட்டு வந்து எறங்குச்சு. கருப்புக் கல்லு, தங்க எழுத்து. பொன்னாடையப் போத்தி செவுத்துல பதிச்சுட்டாய்ங்க. நான் போயி துணிய வெலக்கிப் பாத்தேன். தெறந்து வைப்பவர் பேரு இருக்கு. தலைமை, முன்னிலை, சிறப்பு அழைப்பாளர், எல்லாம் இருக்கு. வார்டு மெம்பருங்க அம்புட்டுப் பேரும் இருக்காய்ங்க, அதுல ஒருத்தன் இந்தக் கட்டடம் வேணாம், அந்த எடத்துல கடை கட்டி வாடகைக்கு விடலாம்னு சொன்னவன், அவனும் இருக்கான். வயரிங் செஞ்சவன் பேரு இருக்கும்மா! பல்பு மாட்டுனவன் பேரு இருக்கு! என் பேரத் தேடுறேன், தேடுறேன், மேலயிருந்து கீழ, கீழயிருந்து மேல. கட்டக்கடைசி வரியில என்ன போட்டிருந்தான் தெரியுமா? “மற்றும் ஊர்ப் பொதுமக்கள்.” 

அந்த மற்றும்ல இருக்கேன் நான். ஒரு மனுசன அடிச்சுக்கூடப் போடலாம்மா. இப்படிச் செய்யக்கூடாது.

நேரா பேரூராட்சி செயல் அலுவலரு வீட்டுக்குப் போனேன். லுங்கியோட வெளிய வந்தாரு. “சார், என் பேரு எங்க”ன்னேன். “கல்லுல எடமில்ல தலைவரே, அடுத்த கல்வெட்டுல போட்டுருவோம்”னாரு. அடுத்த கல்வெட்டுன்னா எது, என் சமாதியிலயா? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. பேசாம வந்து சாவிய எடுத்து அர்ணாக்கயித்துல கட்டிக்கிட்டேன். என் பேரு கல்லுல ஏறுற அன்னிக்குத்தான் கதவு தெறக்கும்னு முடிவு பண்ணேன். சத்தியம் மாதிரி வச்சுக்கங்களேன்.

மறுநா விழா. மேளம், பட்டாசு, சால்வை. நான் இந்த வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், வந்து சாவி கேக்கட்டும், அப்ப நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு. ரிப்பன் வெட்டுனாங்க, கையத் தட்டுனாங்க, கல்வெட்டு முன்னால நின்னு போட்டோ எடுத்தாங்க, கேசரி சாப்புட்டாங்க, கார்ல ஏறிப் போயிட்டாங்க. கதவுல பூட்டுத் தொங்குதும்மா! அம்புட்டுப் பேருல ஒருத்தனும் கதவத் தெறந்து பாக்கணும்னு நெனைக்கல. இந்த ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு இப்பப் புரியுதா?

அன்னிலயிருந்து செயல் அலுவலரு ஒரு தடவகூட எங்கிட்ட சாவி கேட்டதில்ல. ரோட்டுல பாத்தா சிரிச்சுக்கிட்டே வணக்கம் வச்சுட்டுப் போயிருவாரு. பயம்மா, என்னையக் கண்டா பயம். கதவத் தெறந்தா கூட்டிக் கழுவ ஆளு போடணும், தண்ணி ஏத்தணும், கரண்டு பில்லு கட்டணும், அந்த வேலையெல்லாம் அவருக்கு மிச்சம்னு டீக்கடைக்காரன் சொல்றான். அவனுக்கென்ன தெரியும்?

ஏன் பெரியம்மா நெளியுறாங்க? வேக்காடா? ஃபேன இந்தப் பக்கம் திருப்புறேன். சுகரா? எத்தன வருசமா? எனக்கும் சுகருதாம்மா. அதுல பாருங்க, வந்துச்சுன்னா நிக்காது, ஒடனே போயாகணும். இப்பக்கூட எனக்கு... ஒரு நிமிசம் இருங்க, வீடு கடைக்குப் பின்னாலதான், போயிட்டு வந்துர்றேன். கல்லாவப் பாத்துக்கங்க.

ம். வந்துட்டேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கு.

என்னம்மா கேட்டீங்க? எங்க வீட்டுக்கா? இந்தா, இங்கதான் நீங்களும் தப்புப் பண்றீங்க. எனக்கு மனசில்லாம இல்ல. என் சம்சாரம் தெய்வானை, இதத்தான் செஞ்சுக்கிட்டிருந்தா. எனக்குத் தெரியாம கொல்லைப்பக்கக் கதவத் தெறந்து வச்சு, பூக்காரி பழக்காரி எல்லாரையும் உள்ள விட்டிருக்கா. ஒருநா மதியம் சாப்பிடப் போறேன், என் வீட்டுக் கொல்லையில வரிசையா நிக்கிறாங்க! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவங்க வந்ததுக்காக இல்லம்மா, தெய்வானையோட புத்திக்காக. இவங்க பாட்டுக்கு இங்க வந்து போய்க்கிட்டு இருந்தா, அப்புறம் கல்வெட்டுப் பிரச்சனைய எவன் கேப்பான்? கஷ்டம் இருந்தாத்தானே போராட்டம் நிக்கும். அத இவ இப்படி நீத்துப் போக வைக்கலாமா? கொல்லைக் கதவுக்கும் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அன்னிலயிருந்து தெய்வானை எங்கிட்டப் பேசுறதில்ல. சோத்த வடிச்சு மூடி வச்சுட்டு அடுத்த ரூம்புக்குப் போயிருவா. கட்டுன பொண்டாட்டிக்கே என் போராட்டம் புரியலன்னா நான் யாரப் போயி நோக?

வெளியூராளுக்கு ஒரு தடவ கொல்லையத் தெறந்து விட்டா என்னன்னு கேப்பீங்க. விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. கொள்கைன்னா கொள்கைதான்.

இருளாயியும் கேட்டா. பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு வந்தா, இந்த வாசல்ல நின்னா. “அண்ணே, கட்டுனது எங்களுக்குத்தானண்ணே, சாவியக் குடுங்கண்ணே”ன்னா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன், இதே உங்களுக்குச் சொன்ன மாதிரி. கல்லுல எம் பேரு வந்தா அது எனக்கா, நம்ம சங்கத்துக்குத்தானே பெருமை, உங்க எல்லாருக்கும் பெருமைதானேன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? “எங்க பேரும் அதுல இல்லதானண்ணே. நாங்க கேட்டமா?” அப்படீங்கிறா. அந்தப் பேச்சப் பாத்தீங்களா? அவ பேரு எதுக்கு இருக்கணும்? அவ என்ன சங்கத்துல பொறுப்புலயா இருக்கா? 

அதுக்கப்புறம் அவளுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. நீர்க்கடுப்புன்னா, காய்ச்சல்னா, அப்புறம் கிட்னியில சீழ் வச்சிருச்சுன்னு பெரியாஸ்பத்திரியில சேத்துட்டாங்க. டாக்டரு, “தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சு இப்படி ஆயிருச்சு”ன்னு சொன்னாராம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. இந்தப் பேரூராட்சியால ஒரு ஏழைப் பொம்பளைக்கு வந்த நெலமையப் பாருங்கன்னு அன்னிக்குப் பூராம் கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்ட கட்டிப்போச்சு. கடைய அடைச்சுட்டு, ஆர்லிக்ஸு பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கிட்டு பஸ்ஸேறிப் போனேன் பாக்க. எந்தத் தலைவன் போவான்? 

துரும்பா கெடக்கா. கையில ஊசி, கட்டிலுக்குக் கீழ மூத்திரப் பை. பக்கத்துல அவ தங்கச்சி நிக்கிறா, அவளும் என்னைய வாங்கன்னு கேக்கல. நான் கட்டிலுகிட்டப் போயி, “இருளாயி, ஒண்ணுக்கும் கவலப்படாத, இத வச்சே கலெக்டர் வரைக்கும் போறேன், என் பேரு இல்லாம அந்தக் கல்லு அங்க எப்படி நிக்கிதுன்னு பாக்கலாம்”னு தைரியஞ் சொல்றேன். அவ என்னையப் பாக்குறா. சாவி அர்ணாக்கயித்துல வேட்டிக்கு மேல தெரியுது, அதப் பாக்குறா. பாத்துட்டு, செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாம்மா! ஆர்லிக்ஸ அவ தங்கச்சி எடுத்து எங்கையிலயே திருப்பிக் குடுத்துட்டா. 

நான் இத இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. பஸ்ஸுல வர்றப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. யாருக்காக இம்புட்டும் செய்யிறேன், சொல்லுங்க? எனக்கா கக்கூஸு இல்ல?

இன்னும் அவ வரல. அவ எடம் வேப்பமரத்தடியில காலியாத்தான் கெடக்கு. வேற பூக்காரி வந்து உக்காந்தா, மத்தவளுக உக்கார விடமாட்டேங்கிறாளுக. எனக்கு அங்க பாக்கும்போதெல்லாம் ஆத்திரம் ஆத்திரமா வருது.

இருங்கம்மா, எந்திரிக்காதீங்க. பெரியம்மா, நீங்களும் உக்காருங்க, முடிஞ்சுருச்சு. இதோ, அவுக்கத்தானே போறேன். இது ஒண்ண மட்டும் பாத்துட்டுப் போயிருங்க. யாருகிட்டயும் கையேந்த வேணாம்னு நானே ஒரு கல்லு அடிக்கச் சொல்லிட்டேன், என் சொந்தச் செலவு. அந்தக் கோணிய வெலக்குறேன்... ம்ஹும், கனமான கல்லு. எப்படி இருக்கு? அவிய்ங்க கல்ல விட ஒரு சாண் பெருசு. வாசிங்கம்மா, நீங்க படிச்சவங்கதானே, அம்மாவுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசிங்க. வேணாமா? சரி, நானே வாசிக்கிறேன். “ஆவரங்குடிப் பெண்களின் துயர் துடைக்க இடைவிடாது போராடி இக்கட்டடத்தைப் பெற்றுத் தந்தவர், பேருந்துப் பயணிகள் நலச் சங்கத் தலைவர், திரு. கதி...”

என்ன பெரியம்மா, பாட்டில் கவுந்துருச்சா? தரையெல்லாம் தண்ணி. மூடி சரியாப் போடலையாக்கும். இருங்க, இருங்க, கல்லுப் பக்கமா ஓடுது. தங்க எழுத்து, ஈரம் பட்டா போயிரும். கல்லத் தூக்கிக்கிறேன், ஒரு கை பிடிங்கம்மா... ஏம்மா, பிடிங்கன்னா...

ஓ.

பாட்டில் இல்லையா.

ஐயய்யோ. பெரியம்மா, அழுகாதீங்க. முந்தானையால தொடைக்காதீங்க, விடுங்க. நீங்க ஏம்மா அவங்கள மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, நான் பாக்கல, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். வயசானவங்க, இதுல என்ன இருக்கு. இந்தாங்க சாவி. இந்தாங்கம்மா, அவுத்துட்டேன், போயி அம்மாவுக்குச் சேலை மாத்தி விடுங்க. பிடிங்க. ஏம்மா வாங்க மாட்டேங்கிறீங்க? அம்புட்டு நேரமா இதத்தானே கேட்டீங்க?

என்னைய ஏன் அப்படிப் பாக்குறீங்க? நானா செஞ்சேன்? அங்க போயிப் பாருங்க அந்தப் பாவிக செஞ்சு வச்சிருக்க கல்ல, அதப் போயிப் பாருங்க அப்படி!

நில்லுங்கம்மா. அந்த ஈரச் சேலையோட எப்படி பஸ்ஸுல... சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்குப் போறீங்களே. யோவ் டீக்கடை, பாத்தியாய்யா? ஊருக்கு வந்த பெரிய மனுசிக்கு இந்த ஊருல நடக்குற கொடுமையப் பாத்தியா? இதுக்குத்தான்யா நான் இத்தன வருசமாப் போராடிக்கிட்டு இருக்கேன்.